பாலிஃபீனால்: சுகருக்கும் கொழுப்புக்கும் எவ்வளவு உதவும், எங்கே உதவாது

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு மருந்துக் கடையில் ஏறினால் 'பாலிஃபீனால் நிறைந்தது' என்று அச்சிட்ட குப்பிகளைப் பார்க்கலாம். மஞ்சள் கேப்ஸ்யூல், கிரீன் டீ சாற்று மாத்திரை, நாவல்கொட்டைப் பொடி என்று பல வடிவம். சுகர், பிரஷர், கொழுப்பு எல்லாம் இதில் இறங்கும் என்று வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிறது. குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவராவது இந்த மூன்றில் ஒன்றுக்கு மாத்திரை எடுப்பது சாதாரணமாகிவிட்ட நிலையில், 'இதை வாங்கினால் மாத்திரையைக் குறைக்கலாமா?' என்று பலர் கேட்கிறார்கள்.

நேரடியான பதில்: சாப்பாட்டோடு வரும் பாலிஃபீனாலால் நன்மை உண்டு, அது சிறியது, மெதுவாக வருவது. அதையே செறிவாக்கிக் குப்பியில் அடைத்தால் உடம்பு அதை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது. சில நேரம் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இவற்றில் எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஏன் இப்படி என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாலிஃபீனால் என்றால் என்ன?

வாழைப்பூ ஆய்ந்தால் விரல் கறுக்கும். நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடாவிட்டால் பூவும் கறுத்துவிடும். கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழம்) கடித்தால் நாக்கும் தொண்டையும் இழுத்துப் பிடிக்கும். இரண்டுக்கும் காரணம் பாலிஃபீனால்தான். வெட்டுப்பட்ட இடத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனும் பூவிலுள்ள ஒரு நொதியும் சேர்ந்து பாலிஃபீனாலைக் கறுப்பு நிறப் பொருளாக மாற்றுகின்றன. மோரின் புளிப்பு அந்த நொதியை மந்தப்படுத்துகிறது. கொல்லாம்பழத்தில் உள்ள டானின் என்ற வகை, எச்சிலில் இருக்கும் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு துவர்க்கிறது.

வேதியியல்படி, கார்பன் வளையத்தில் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி ஒட்டியிருக்கும் அமைப்புக்கு ஃபீனால் என்று பெயர். அப்படிப் பல சேர்ந்தவை பாலிஃபீனால்கள். இதுவரை 8,000-க்கும் மேற்பட்டவை அடையாளம் காணப்பட்டுள்ளன. வெயில், பூச்சி, பூஞ்சை ஆகியவற்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளச் செடி இவற்றைத் தயாரிக்கிறது. பெரும்பாலும் தோலிலும் தவிட்டிலும் இலையிலும் பட்டையிலும் சேர்த்து வைக்கிறது. நாம் சீவி எறிவதும் தீட்டிக் கழிப்பதும் இந்தப் பகுதிகளைத்தான்.

அடிக்கடி கேள்விப்படும் வகைகள் இவை:

1. ஃப்ளேவனாய்டுகள்: மிகப் பெரிய குடும்பம். தேயிலையின் கேட்டகின், உள்ளியின் (சின்ன வெங்காயம்) குவெர்செட்டின், நாவல்பழத் தோலுக்கும் கத்தரிக்காய்த் தோலுக்கும் நிறம் தரும் ஆந்தோசயனின் எல்லாம் இதில் அடக்கம்.
2. ஃபீனாலிக் அமிலங்கள்: காப்பியில் உள்ள குளோரோஜெனிக் அமிலம், நெல்லிக்காயில் உள்ள காலிக் அமிலம்.
3. டானின்கள்: வாழைப்பூ, கொல்லாம்பழம், மாதுளைத் தோல்.
4. மற்றவை: மஞ்சளின் குர்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரால்.

1930-களில் ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி ஃப்ளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' (ஆங்கில அகரவரிசையில் 16-வது எழுத்து) என்று பெயர் வைத்தார். அது இல்லாவிட்டால் வரும் நோய் என்று எதுவும் கண்டுபிடிக்கப்படாததால் பிறகு அந்தப் பெயர் கைவிடப்பட்டது. இன்றைக்கும் பாலிஃபீனாலுக்கு 'தினசரி இவ்வளவு தேவை' என்ற அளவு கிடையாது. பாக்கெட்டில் அப்படிச் சதவீதம் போட்டிருந்தால் அது விற்பவரின் கணக்கு.

வளர்சிதை மாற்றக் கோளாறு என்று எதைச் சொல்கிறார்கள்?

சுகர், பிரஷர், கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்து, உடம்பு உணவைக் கையாளும் விதத்தில் வரும் கோளாறு என்ற பொருளில் இப்படிச் சொல்கிறார்கள். கீழே உள்ள ஐந்தில் ஏதாவது மூன்று ஒருவருக்கு இருந்தால் அவருக்கு வளர்சிதை மாற்ற நோய்க்குறித் தொகுப்பு இருப்பதாக மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள்:

1. இடுப்புச் சுற்றளவு: தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல்.
2. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 மி.கி. அல்லது அதற்கு மேல்.
3. இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல்.
4. டிரைகிளிசரைடு 150 மி.கி. அல்லது அதற்கு மேல்.
5. நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆண்களுக்கு 40 மி.கி.க்குக் கீழ், பெண்களுக்கு 50 மி.கி.க்குக் கீழ்.

(ஒன்றுக்கு ஏற்கெனவே மருந்து எடுத்து வந்தால் அதுவும் கணக்கில் சேரும்.)

இவை தனித்தனி நோய்களாகத் தெரிந்தாலும் அடியில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான் ஓடுகிறது: இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் கேட்காமல் போவது. வயிற்றுக் கொழுப்பு கூடக் கூட இது மோசமாகும்.

2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) INDIAB ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம். குமரி மாவட்டம் நிர்வாகத்தில் தமிழ்நாடு. சாப்பாட்டிலும் வாழ்க்கை முறையிலும் பாதிக்கு மேல் கேரளத்தோடு சேர்ந்தது. இந்த மாவட்டத்துக்காரர்கள் இரண்டாவது எண்ணையும் கவனத்தில் வைப்பது நல்லது என்பது என் கருத்து.

உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

'ஆன்டிஆக்சிடன்ட், உடம்பிலுள்ள நச்சை உறிஞ்சிவிடும்' என்ற விளக்கத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். சோதனைக் குழாயில் அது உண்மை. ஆனால் சாப்பிட்ட பாலிஃபீனாலில் சுமார் 5 முதல் 10 சதவீதம்தான் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் கல்லீரல் உடனே மாற்றிக் கழிக்கத் தொடங்கிவிடும். இரத்தத்தில் மிஞ்சுவது அந்த வேலைக்குப் போதாது. உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் திறனைப் பட்டியல் போட்டு வைத்திருந்த அமெரிக்க வேளாண் துறை, அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை, கம்பெனிகள் அவற்றை விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-ல் பட்டியலையே எடுத்துவிட்டது. ஆனால் பாக்கெட்டுகளில் அந்த வாசகம் இன்னும் இருக்கிறது.

உண்மையில் நடப்பதாக ஆய்வுகள் காட்டுபவை:

1. *குடலில் மாவுச்சத்து உடைவது தாமதமாகிறது.* சோற்றைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளைச் சில பாலிஃபீனால்கள் ஓரளவு தடுக்கின்றன. சுகர்க்காரர்கள் பலர் சாப்பாட்டோடு எடுக்கும் வோக்லிபோஸ் மாத்திரை செய்வதும் இதே வகை வேலைதான், ஆனால் பல மடங்கு பலமாக.
2. *இரத்தக் குழாய் தளர்கிறது.* கோகோ, தேயிலை ஆகியவற்றின் ஃப்ளேவனால்கள் (ஃப்ளேவனாய்டுகளில் ஒரு வகை) குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைக் கூட்டுகின்றன. பிரஷர் கொஞ்சம் இறங்குகிறது. கொஞ்சம் என்பது ஓரிரு புள்ளிகள்.
3. *பெருங்குடல் நுண்ணுயிரிகள் மாறுகின்றன.* உறிஞ்சப்படாத 90 சதவீதத்துக்கும் மேலானது நேராகப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சிறிய மூலக்கூறுகளாக்க, அவை இரத்தத்தில் கலக்கின்றன. பயனில் பெரும்பகுதி இந்த வழியில் வருகிறது என்றுதான் இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மூன்றாவதில் ஒரு சிக்கலும் உண்டு. மாதுளை, நெல்லிக்காய் போன்றவற்றின் டானினைச் சிலருடைய குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றுகின்றன. சிலருடையவை மாற்றுவதே இல்லை. ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு சாப்பிடும் இருவருக்கு வெவ்வேறு பலன் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். 'பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கேட்டது' என்பதை ஆதாரமாக எடுக்க முடியாமல் போவதும் இதனால்தான்.

ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிறந்த மாத்திரை

'செடியில் இருப்பது மருந்தாகாதா?' என்ற கேள்விக்கு மிகச் சிறந்த பதில் ஃப்ளோரிசின் என்ற பாலிஃபீனாலின் கதை.

1835-ல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நூற்றாண்டின் கடைசியில், இதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று கண்டார்கள். காரணம் வெகுநாள் கழித்துத்தான் தெளிவானது. நம் சிறுநீரகங்கள் தினமும் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, கிட்டத்தட்ட முழுவதையும் திரும்ப இரத்தத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. அப்படித் திரும்ப எடுக்கும் புரதத்தை ஃப்ளோரிசின் அடைத்துவிடுகிறது. சர்க்கரை சிறுநீரோடு வெளியேறுகிறது. 1980-களில் நீரிழிவுள்ள எலிகளில் இது இரத்தச் சர்க்கரையைச் சீராக்கியது.

அப்படியானால் ஆப்பிள் பட்டைக் கஷாயம் குடித்தால் போதுமே? போதாது, இரண்டு காரணங்களால். வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் உள்ள நொதி அதை உடைத்துவிடுகிறது. உடையாமல் மிஞ்சுவது, சிறுநீரகப் புரதத்தோடு குடலில் உள்ள இன்னொரு புரதத்தையும் சேர்த்து அடைத்து வயிற்றுப்போக்கை உண்டாக்குகிறது. வேதியியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து, குடலில் உடையாதபடியும் சிறுநீரகப் புரதத்தை மட்டும் குறிவைக்கும்படியும் அதன் அமைப்பை மாற்றினார்கள். அப்படி வந்ததுதான் டபாக்லிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையின் குடும்பம். இந்தியாவில் 2020 அக்டோபரில் அதன் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதால், இன்று நம் ஊர் மருந்துச் சீட்டுகளிலும் அடிக்கடி காணப்படுகிறது.

அதாவது, செடியில் ஒரு பொருள் வேலை செய்வது உண்மையாக இருக்கலாம். அது மருந்தாக வேண்டுமானால் எவ்வளவு உள்ளே போகிறது, எங்கே உடைகிறது, வேறு எதைத் தொடுகிறது என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தாக வேண்டும். குப்பிகளில் விற்கப்படும் பொடிகள் பலவற்றுக்கு இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூடச் சரியான விடை இல்லை.

இரண்டு கணக்குகள்: கிராம்பும் மஞ்சளும்

நாட்டின் கிராம்பு விளைச்சலில் பெரும்பங்கு குமரி மாவட்டத்து மலைத் தோட்டங்களில் இருந்து வருகிறது. மாறாமலை, கரும்பாறை பக்கமெல்லாம் கிராம்புத் தோட்டம்தான். 2021-ல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உணவுகளின் பாலிஃபீனால் பட்டியலில் முதலிடமும் கிராம்புக்குத்தான்: 100 கிராமில் சுமார் 15 கிராம். இந்த எண்ணை வைத்துத்தான் 'கிராம்புத் தண்ணீர் குடித்தால் சுகர் ஓடிவிடும்' என்கிறார்கள்.

ஆனால் 100 கிராம் கிராம்பை யார் தின்கிறார்கள்? ஒரு காய்ந்த மொட்டு 0.1 கிராம்கூட எடை வராது. அதில் இருக்கக்கூடியது 15 மில்லிகிராமுக்குள். ஒரு கிளாஸ் கட்டன் சாயாவில் (பால் சேர்க்காத தேநீர்) 150 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. முதலிடத்தில் இருப்பதைவிட, நாம் எதை எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் கணக்கு.

அடுத்தது மஞ்சள். தாய்லாந்தில் நீரிழிவின் வாசலில் இருந்த 240 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2012-ல் வெளியிட்டார்கள். 9 மாத முடிவில் போலி மாத்திரை (மருந்து எதுவும் இல்லாதது) எடுத்தவர்களில் 16.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. குர்குமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. கேட்க வியப்பாக இருக்கிறது. அவர்கள் எடுத்தது தினம் 1.5 கிராம் குர்குமின் வகைகள். மஞ்சள்தூளில் அது 3 சதவீதம் அளவுதான். அந்த அளவைச் சமையலில் கொண்டுவர நாளுக்கு 50 கிராம் மஞ்சள்தூள் வேண்டும். எந்த மீன்குழம்பும் அதைத் தாங்காது. தவிர, இது ஒற்றைச் சோதனை. வேறு நாடுகளில் பெரிய அளவில் இதே முடிவு வரும்வரை இதை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

பெரிய ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மக்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளில் சித்திரம் நன்றாகவே இருக்கிறது. 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த, 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், தினம் 4 கோப்பையோ அதற்கு மேலோ தேநீர் குடிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 17 சதவீதம் குறைவாக இருந்தது. காப்பிக்கும் இதேபோல் தொடர்பு காணப்படுகிறது. காஃபின் நீக்கிய காப்பிக்கும் அது இருப்பதால், பலன் பாலிஃபீனாலிலிருந்து வரக்கூடும் என்று நினைக்க இடமிருக்கிறது. ஆனால் தேநீர் அதிகம் குடிப்பவர்கள் வேறு எதிலெல்லாம் வேறுபட்டவர்கள் என்று இத்தகைய ஆய்வால் முழுமையாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆட்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு உண்மையான கேப்ஸ்யூலும் மறு பாதிக்குப் போலியும் கொடுத்துப் பார்த்தால்தான் பிடி கிடைக்கும். அப்படி நடந்தவற்றில் பெரியது அமெரிக்காவின் காஸ்மோஸ் சோதனை. 21,442 முதியவர்கள், தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃப்ளேவனால். இதயநோய் மரணங்கள் குறைந்ததாகத் தெரிந்தாலும், சோதனையின் முதன்மை இலக்கான மொத்த இதயநோய் நிகழ்வுகளில் உறுதியாகச் சொல்லும்படியான குறைவு இல்லை. நீரிழிவு வருவதை அது குறைக்கவே இல்லை.

குமரிச் சாப்பாட்டில் எங்கே இருக்கிறது?

நல்ல செய்தி என்னவென்றால், இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. சம்பா அரிசியின் சிவப்பு நிறமே தவிட்டிலுள்ள பாலிஃபீனால்தான். வெள்ளையாகத் தீட்டினால் அதுவும் நார்ச்சத்தும் சேர்ந்து போய்விடும். முருங்கையிலைத் துவரன், வாழைப்பூத் துவரன், காணம், சிறுபயறு, உள்ளி, நெல்லிக்காய், பருவத்தில் நாவல்பழம், சீனி போடாத கட்டன் சாயா. இவற்றில் நார்ச்சத்தும் கூடவே வருகிறது. பலனில் எது பாலிஃபீனாலுடையது, எது நாருடையது என்று பிரிக்க முடியாது. சாப்பிடுபவருக்கு அது தேவையும் இல்லை.

அதேநேரம் சில நம்பிக்கைகளை விட வேண்டியிருக்கிறது. கருப்பட்டியிலும் தேனிலும் பாலிஃபீனால் இருக்கிறது என்பது உண்மை. கருப்பட்டியில் முக்கால் பங்குக்கு மேல் சர்க்கரை என்பதும், தேனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை என்பதும் அதைவிடப் பெரிய உண்மை. சுகர் உள்ளவருக்குக் கருப்பட்டிக் காப்பி 'பரவாயில்லை' என்று ஊற்றிக் கொடுப்பது அன்பினால்தான். ஆனால் அவருடைய இரத்தத்துக்கு அது சீனிக் காப்பிதான். சம்பா அரிசியும் அரிசிதான், அளவு முக்கியம். தட்டு நிறைய மரச்சீனிக் கிழங்கு சாப்பிட்டுவிட்டுப் பின்னால் ஒரு கட்டன் குடித்தால் கணக்கு நேராகிவிடாது.

எங்கே ஆபத்து?

1. *புளிச்சிக்காய்ச் சாறு.* மரத்தின் தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும் விரல் நீளப் பச்சைக்காய். மீன்கறியில் இரண்டு போட்டால் ஒன்றும் ஆகாது. கொழுப்பு குறையும் என்று நம்பி அதைப் பிழிந்து சாறாகக் குடித்த 10 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதைக் கேரள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. காயில் மிக அதிகமாக இருக்கும் ஆக்சலேட் சிறுநீரகத்தில் படிந்ததுதான் காரணம். நம் வீட்டு முற்றங்களிலும் நிற்கும் மரம் என்பதால் இதை முதலில் சொல்கிறேன்: தயவுசெய்து சாறாகக் குடிக்காதீர்கள்.
2. *மஞ்சளும் நல்லமிளகும் சேர்ந்த கேப்ஸ்யூல்.* மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தால் குர்குமின் உறிஞ்சப்படுவது 20 மடங்கு கூடுகிறது என்று பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-ல் காட்டினார்கள். கல்லீரல் பல மருந்துகளை உடைக்கும் வழியையும் அதே பைப்பரின் தடுக்கிறது. அதனால் நீங்கள் எடுக்கும் வேறு மாத்திரைகளின் அளவு இரத்தத்தில் ஏறலாம். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிப்பு வந்ததை அடுத்து இத்தாலியும் ஆஸ்திரேலியாவும் எச்சரிக்கை விடுத்தன. சமையல் மஞ்சளுக்கு அந்த எச்சரிக்கை இல்லை.
3. *கிரீன் டீ சாற்று மாத்திரை.* தினம் 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அதன் முக்கியக் கேட்டகினை மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தெரிவித்தது. இலையைக் கொதிக்க வைத்துக் குடிப்பது பிரச்சினை இல்லை.
4. *இரும்புச்சத்து.* சாப்பிட்ட கையோடு சாயா குடித்தால், காய்கறி, பயறுகளில் உள்ள இரும்பைத் தேயிலையின் பாலிஃபீனால் பிடித்துக்கொள்ளும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுவது அவர்களுக்கு நல்லது.

மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அவை கையில் இருந்தும் ஒரு பொடியை நம்பி நிறுத்துவதால் வரும் கேடு, அந்தப் பொடியால் வரக்கூடிய எந்த நன்மையையும் விடப் பெரியது. சர்க்கரை ஏறுவது வெளியே தெரியாமலேயே கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கேப்ஸ்யூல் ஏற்கெனவே எடுத்து வந்தால், மறைக்காமல் குப்பியையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறிப்பாக கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், கல்லீரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்காமல் தொடங்கவே கூடாது.

வாங்கும் முன் லேபிளைத் திருப்பிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். எந்தப் பொருள், எத்தனை மில்லிகிராம், பைப்பரின் சேர்ந்திருக்கிறதா என்று எழுதியிருக்க வேண்டும். 'நீரிழிவைக் குணமாக்கும்' என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்திருக்கிறது. நீரிழிவு, இரத்த அழுத்தம், உடல் பருமன் மூன்றும் அதன் பட்டியலில் இருக்கின்றன. அந்த வாசகத்தோடு ஒரு குப்பி கையில் வந்தால், உள்ளே இருப்பதைச் சோதிக்கும் முன்பே அதன் விளம்பரம் சட்டத்துக்குப் புறம்பானது.